உளவியல் கேள்வி பதில்: ரேகையைப் பார்த்துப் பிள்ளையை எடை போடாதீர்கள்

சைக்காலஜி படித்தவர்கள் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவார்களாமே? (வாசகர், மேலூர்)

சொல்ல முடியாது. மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள், மறக்கிறார்கள், பயப்படுகிறார்கள் என்பதைச் சோதித்து அறியும் படிப்பு இது. 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் லைப்சிக்கில் ஆய்வகம் தொடங்கியது அதற்காகத்தான்.

எம்.எஸ்சி.யில் எந்தப் பிரிவில் சம்பளம் அதிகம்? (மாணவர், திருமங்கலம்)

எதில் ஆர்வம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே தம்பி! நோயாளிகளோடு வேலை செய்ய கிளினிக்கல், பள்ளிக்குக் கல்வி உளவியல், கம்பெனிக்குத் தொழில்துறை உளவியல். குழந்தை வளர்ச்சி, சமூக உளவியல், குற்றவியல் என்று இன்னும் உண்டு. கிளினிக்கல் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு கட்டாயம். சேரும் முன் அதைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு யாரோ பேசுவது போல் கேட்கிறது. கட்டிப்போடச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். கவுன்சலிங் போதுமா? (செல்லூர்)

போதாது. வயது, குடிப்பழக்கம், சாப்பிடும் மாத்திரை எதையும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினாலும் குரல் கேட்கும், அது அவசர நிலை. உடனே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 மனநலச் சட்டம் தடை செய்கிறது. ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001இல் தீப்பிடித்தபோது கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் இறந்தார்கள். தயவுசெய்து கட்டாதீர்கள்.

மூன்றாவது படிக்கும் மகனுக்குப் பள்ளியில் கைரேகை டெஸ்ட் எடுத்தார்கள், ஐயாயிரம் ரூபாய். கணக்கு வராது என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. (தாய், அண்ணாநகர்)

அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள் அம்மா. இதே மாதிரி வழுவழு காகிதத்தில் கலர் கலராக, இடது மூளை இத்தனை சதவீதம், வலது மூளை இத்தனை சதவீதம் என்று அச்சடித்த ஃபைலோடு பெற்றோர் வந்துகொண்டே இருக்கிறார்கள். பிள்ளை அருகில் உட்கார்ந்து, 'எனக்குக் கணக்கு வராது' என்று தானே சொல்கிறது. எட்டு வயதில்! கேட்கவே ஆத்திரமாக வருகிறது.

விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடும், அதன்பின் மாறாது. கணக்குத் திறமையோ சொல்லிக்கொடுக்கிற விதத்தால், பழக்கத்தால், தூக்கத்தால், பயத்தால் மாறிக்கொண்டே இருக்கும். ரேகையை வைத்து அதை எப்படி அளப்பது? அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் பலவகை அறிவு பற்றி எழுதினார், அவர் பெயரையும் இந்த ரிப்போர்ட்டில் ஒட்டிவிடுகிறார்கள். அவர் சொன்னதற்கும் கைரேகைக்கும் சம்பந்தமே இல்லை.

பையன் நிஜமாகவே தடுமாறினால் முதலில் கண், காது பரிசோதனை. அப்புறம் பதிவு பெற்ற உளவியலாளரிடம் கற்றல் குறைபாட்டுச் சோதனை. அவர் பிள்ளையை வாசிக்க வைப்பார், எழுத வைப்பார், இரண்டு மூன்று முறை வரச் சொல்வார். குறைபாடு உறுதியானால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகையும் உண்டு. பதிவு எண்ணைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஐ.க்யூ. (அறிவுத்திறன் எண்) எவ்வளவு இருந்தால் கலெக்டர் ஆகலாம்? (உசிலம்பட்டி)

அப்படி ஓர் எண் கிடையாது. 1905இல் பிரெஞ்சு உளவியலாளர் பினே அறிவுத்திறன் சோதனையைத் தயாரித்தது, வகுப்பில் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிய.

போனில் டெஸ்ட் எடுத்தேன், பைபோலார் (மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் நோய்) என்று வந்தது. மாத்திரை பெயர் சொல்லுங்கள். (அவனியாபுரம்)

சொல்ல மாட்டேன். நான் உளவியலாளர், மருந்து எழுதுவது மனநல மருத்துவர். போன் டெஸ்ட்டை நம்பி நோய்ப்பெயரை நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள். மனசு பாரமாக இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தனியாரிடம் போவதானால், திரும்பவும் சொல்கிறேன், பதிவு எண்ணைக் கேளுங்கள்.