காகிதத் தொட்டிக்குள்ளேயே சுற்றி நிற்கும் வேர்

கேள்வி: பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, மைதாப் பசை சேர்த்து, டம்ளர் மேல் அப்பிக் காயவைத்து நாற்றுத் தொட்டிகள் செய்தேன். பாகல், பீர்க்கு முளைத்தன. ஆனால் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளைப் பூஞ்சணம், இலைகளும் வெளிறிவிட்டன. தொட்டியோடு நட்டு மூன்று வாரமாகியும் கொடி ஓடவில்லை. தோண்டினால் தொட்டி கட்டியாக இருக்கிறது, வேர் உள்ளேயே சுற்றிக் கிடக்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் காரணம் தொட்டியின் கனம். அரைத்த கூழ் காய்ந்தால் அட்டைபோல் இறுகிவிடும். ஈரத்தில் ஊறி நெகிழ்ந்த காகிதத்தைத்தான் இளவேர் துளைக்கும். நட்ட பிறகு மண்ணுக்கு மேல் தொட்டியின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்ததா? அது விளக்குத் திரி மாதிரி அடி ஈரத்தை உறிஞ்சி வெயிலில் விட்டுவிடும். தொட்டி காய்ந்துகொண்டே இருக்கும். விளிம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு முழுவதும் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். நடுமுன் தொட்டியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, அடியைக் கிழித்துவிடுங்கள்.

பூஞ்சணத்துக்குப் பயப்பட வேண்டாம். அது காகிதத்தையும் மைதாவையும் தின்ன வந்தது, செடியை அல்ல. தண்டு மண்ணை ஒட்டிய இடத்தில் பழுப்பாகிச் சாய்ந்தால்தான் நாற்றழுகல். அதைத் தடுக்க விதைக்கும்போதே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியை விதையோடு கலக்க வேண்டும். கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கு, வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை.

இலை வெளிறியதற்கும் காகிதத்துக்கும் தொடர்பு இருக்கலாம். காகிதத்தில் கரிச்சத்து (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை அருகிலுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், நாற்றுக்குப் பற்றாக்குறை வரும். தொட்டிக் கலவையில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் இருக்கட்டும். இரண்டு இலை விட்டதும் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிக்கலாம்.

அடுத்த முறை அரைக்கவே வேண்டாம். செய்தித்தாளில் 15 செ.மீ. அகலம், அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை கிழியுங்கள். நேரான பக்கமுள்ள பெருங்காய டப்பாவில் (5 செ.மீ. விட்டம் போதும்) மூன்று சுற்றுச் சுற்றுங்கள். வெளியே நீளும் 5 செ.மீ. காகிதத்தை அடியில் மடித்து அழுத்தி, டப்பாவை உருவிவிடுங்கள். பசையே தேவையில்லை. தொட்டிகளை ஒரு தட்டில் நெருக்கி அடுக்கினால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். தண்ணீரைத் தட்டில் ஊற்றினால் தொட்டி கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும்.

எல்லாக் காகிதமும் ஆகாது. வழவழப்பான வண்ண இணைப்பு, கடை பில், ஏடிஎம் சீட்டு மூன்றையும் ஒதுக்குங்கள். பில் காகிதத்தில் ரசாயனப் பூச்சு உண்டு. டீ கடைக் காகிதக் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் முழுதாக மட்காது. செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரிப்பதைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். சூடான வடையில் மை ஒட்டுவதும், மண்ணில் ஒரு துண்டுத் தாள் மட்குவதும் ஒன்றல்ல. மனம் ஒப்பவில்லையென்றால் அச்சில்லாத பழுப்புக் காகிதம் போதும்.

இந்த வேலை கொடிக் காய்களுக்குத்தான் தகும் என்பது என் கருத்து. பாகல், புடலை, பீர்க்கு, சுரைக்கு வேர் அசைந்தால் பிடிக்காது. 12 முதல் 15 நாளில் நட்டுவிடலாம், அதுவரை காகிதம் தாங்கும். தக்காளியும் கத்தரியும் பிடுங்கி நட்டாலும் தழைக்கும், குழித்தட்டே போதும். மிளகாய்க்கு 40 நாள் ஆகும், அதற்குள் மூன்று சுற்றுக் காகிதம் பிய்ந்துவிடும்.

செம்மண் தோட்டமென்றால் இன்னொன்று: ஈரக் காகிதம் கறையானை இழுக்கும். குழியில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு நடுங்கள்.

இப்போது நிலத்தில் நிற்பவற்றைப் பிடுங்க வேண்டாம். பக்கத்தில் தோண்டி, தொட்டிச் சுவரைக் கத்தி நுனியால் மூன்று நான்கு இடங்களில் கீறி, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பத்து நாளில் புதுத் துளிர் வராவிட்டால் அதே குழியில் நேரடியாக விதை ஊன்றிவிடுங்கள்.