எக்சிமாவுக்கு மாத்திரை: தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

கேள்வி: எனக்கு வயது 33. ஐந்து வருடமாகக் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் கைகளிலும் எக்சிமா. களிம்பு போட்டால் அடங்குகிறது, விட்டால் திரும்பி வருகிறது. அரிப்பில் இரவுத் தூக்கமே போய்விட்டது. போன வருடம் பக்கத்து கிளினிக்கில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், நன்றாகக் கேட்டது. இப்போது பார்க்கும் தோல் மருத்துவர் அதைத் தர மறுத்து மெதோட்ரெக்சேட் எழுதியிருக்கிறார். அதோடு ரத்தப் பரிசோதனைகள், மார்பு எக்ஸ்ரே வேறு. இது புற்றுநோய் மருந்தாமே என்று பயப்படுகிறார் என் கணவர். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிறோம். அதற்குள் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: குழந்தைக்கு யோசிப்பதைத் தோல் மருத்துவரிடம் சொன்னீர்களா? இல்லை என்றால் மாத்திரையைத் தொடாமல் முதலில் அவரிடம் சொல்லுங்கள். மெதோட்ரெக்சேட் கருவைக் கலைக்கலாம், பிறவிக் குறைபாட்டையும் உண்டாக்கலாம். சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் 6 மாதம் வரையும் கருத்தடை அவசியம். மருந்து வேலை செய்வது தெரியவே இரண்டு, மூன்று மாதம் ஆகும். கூட்டிப் பார்த்தால் உங்கள் திட்டத்தோடு இது ஒத்துப்போகாது.

மற்றபடி அவர் போகும் பாதை சரிதான். பிரெட்னிசோலோன் சீக்கிரம் கேட்கும், நிறுத்தியதும் நோய் முன்பைவிட வேகமாகக் கிளம்பலாம். திரும்பத் திரும்ப எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, கண்புரை எல்லாம் வரலாம். அதனால்தான் எக்சிமாவுக்கு அதை வழக்கமாகத் தர இப்போது தயங்குகிறோம்.

உங்கள் கணவர் சொல்வது பாதி உண்மை. புற்றுநோய்க்கு இதை மிகப் பெரிய அளவில் ஏற்றுவதுண்டு. தோலுக்குத் தருவது வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். வாரத்துக்கு ஒரே நாள், கூடவே ஃபோலிக் ஆசிட். இதைத் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தானவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். பரிசோதனைகளையும் தவிர்க்க முடியாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து என்பதால் உறங்கிக் கிடக்கும் காசநோய், ஹெபடைடிஸ் பி போன்றவை தலைதூக்கலாம். கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் எப்படி இருக்கின்றன என்றும் தெரிய வேண்டும்.

சரி, உங்களுக்கு எது பொருந்தும்? என்னிடம் வந்திருந்தால் முதலில் ஒளி சிகிச்சையைச் சொல்வேன். வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை நேரோபேண்ட் யு.வி.பி. கதிரைத் தோலில் படச் செய்வது அது. கர்ப்ப காலத்திலும் தொடரலாம். அலைச்சல்தான் தொல்லை. அது முடியாது என்றால் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து. உடல் எடையில் கிலோவுக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் தினமும். சில வாரங்களிலேயே அரிப்பு குறையும். ரத்த அழுத்தத்தையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும் விடாமல் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு வருடத்துக்கு மேல் கொடுப்பதில்லை. தேவைப்பட்டால் கர்ப்பிணிகளுக்கும் தரப்படும் மருந்து இது.

எக்சிமாவுக்கான டுபிலுமாப் என்ற ஊசிக்கு 2017-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை, சிலருக்குக் கண் சிவந்து உறுத்தும். விலைதான் எட்டாது. கர்ப்பத்தில் அதன் பாதுகாப்பு பற்றிய தகவலும் இன்னும் போதவில்லை. பாரிசிட்டினிப், உபாடாசிட்டினிப் போன்ற ஜேக் தடுப்பு மாத்திரைகள் (அழற்சியைத் தூண்டும் ஜேக் என்னும் நொதியைத் தடுப்பவை) வேகமாக வேலை செய்பவை. கர்ப்பம் திட்டமிடுபவருக்கு அவை வேண்டாம்.

இன்னொன்று. உங்களுக்கு 28 வயதில்தான் தொடங்கியிருக்கிறது, அதுவும் கழுத்திலும் கையிலும். சிறு வயதில் இல்லாமல் இப்படி வந்தால் கவரிங் நகையில் உள்ள நிக்கல், ஹேர் டை, பாத்திர சோப்பு போன்ற ஏதோ ஒன்று ஒவ்வாமலும் இருக்கலாம். பேட்ச் டெஸ்ட் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுப்பார்கள், பிறகும் ஓரிரு முறை பார்ப்பார்கள். அதில் ஏதாவது சிக்கினால், அதை விலக்கிப் பார்த்த பிறகு மாத்திரையைப் பற்றிப் பேசலாம்.