அறுபது பவுண்டு வில்லும் வலது தோள்பட்டையும்

கேள்வி: எனக்கு வயது 36. மேலூர் பக்கம் ஊர். மதுரையில் கணினி முன்னால் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆறடி உயரம். ஒரு வருடமாக 35 பவுண்டு விசையில் இழுக்க வேண்டிய ரீகர்வ் (நுனிகள் முன்னோக்கி வளைந்த) வில்லில் இலக்குப் பலகையில் அம்பு விட்டுப் பழகியிருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் (அக்கா வீட்டுக்காரர்) பாரம்பரிய வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர். வருகிற நவம்பரில் என்னையும் அழைத்திருக்கிறார். "அறுபது பவுண்டுக்குக் குறைந்தால் வேட்டைக்கு ஆகாது, அந்தக் காலத்து இங்கிலாந்து வில்லாளிகள் நூற்றைம்பதே இழுத்தார்கள்" என்று சொல்லி, ஊருக்கு வந்தபோது 60 பவுண்டு வில் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதமாக தினமும் சாயங்காலம் 50 அம்பு விடுகிறேன். இப்போது வலது தோளில் வலி. சட்டையைக் கழற்றும்போது சுருக்கென்கிறது. ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை. இழுத்து நிறுத்தும்போது இரண்டொரு தடவை தலையும் சுற்றியது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடரலாமா? 60 பவுண்டு கைவர எவ்வளவு நாள் ஆகும்?

பதில்: மாத்திரை போட்டுக்கொண்டு வில் இழுக்கவே கூடாது, தம்பி. வலியை அமுக்கிவிட்டு இழுத்தால், தசைநார் கிழியும் வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இன்றைக்கே அந்த வில்லை நாண் கழற்றி வைத்துவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கித் திரும்ப மலைக்குப் போய்ச் சேரும் வரையாவது எந்த வில்லையும் தொட வேண்டாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தோள்மூட்டின் மேல்பக்கம் ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசையின் நார் அடிபட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. இந்த நார், தோளின் உச்சியில் கூரை மாதிரி நிற்கும் எலும்புக்கு அடியில் மிகக் குறுகலான இடத்தில் போகிறது. கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கிப் பாருங்கள். பாதித் தூரத்தில் வலித்து, காதுப் பக்கம் போனதும் வலி குறைந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

வில் இழுக்கும்போது அங்கே என்ன நடக்கிறது? சரியாக இழுக்கும் ஆள் கையால் இழுப்பதில்லை. இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகில் இருக்கும் தசைகள்தான் இழுக்கின்றன. தோள் கீழே இறங்கியே இருக்கும். வில்லின் கனம் உங்கள் முதுகுத் தசைக்கு மிஞ்சிப் போனால், கடைசி இரண்டு அங்குலத்தில் எல்லாம் கெட்டுவிடும். தோள் காதை நோக்கி ஏறும், இடுப்பு பின்னால் வளையும், முகவாய் நாணைத் தேடி முன்னால் நீளும். ஏறிய தோளுக்குள் அந்தக் குறுகலான இடம் இன்னும் குறுகி, நார் எலும்பில் உரசும். தினமும் 50 தடவை, இரண்டு மாதம் அது உரசியிருக்கிறது. நண்பர் ஒருவரைப் பக்கத்திலிருந்து செல்போனில் படம் எடுக்கச் சொல்லியிருந்தால் முதல் நாளே இது தெரிந்திருக்கும்.

கனத்தைப் பற்றியும் ஒரு கணக்குப் பார்த்துவிடுவோம். வில்லில் எழுதியிருக்கும் 60 பவுண்டு, வழக்கமாக 28 அங்குலம் இழுத்தால் வரும் கனம். அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் இரண்டு மூன்று பவுண்டு கூடும். ஆறடி ஆள் 29, 30 அங்குலம் கூட இழுப்பார். அப்படியானால் நீங்கள் இழுப்பது 62 முதல் 66 பவுண்டு, அதாவது 28 முதல் 30 கிலோ. காம்பவுண்ட் வில்லில் 70 பவுண்டு இழுக்கிறவர்களைப் பார்த்து ஒப்பிடாதீர்கள். அதில் உள்ள சக்கரங்கள் முழுதாக இழுத்த பிறகு கனத்தில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். கையில் நிற்பது பதினைந்து பவுண்டு போலத்தான். ரீகர்விலும், நீளமான நேர் வில்லான லாங்போவிலும் அந்தச் சலுகை கிடையாது. கனம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அசையாமல் நின்று குறி பார்க்க வேண்டும். நம் ஊர் இளவட்டக்கல்லை ஒரு மூச்சில் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுவிடலாம். வில்லில் அந்த ஒரு மூச்சு போதாது.

மச்சான் சொன்ன இங்கிலாந்துக்காரர்கள் விஷயம் உண்மைதான். 1545-ல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற போர்க்கப்பலை 1982-ல் கடலிலிருந்து மேலே எடுத்தார்கள். அதில் கிடைத்த வில்களில் பலவும் நூறு பவுண்டைத் தாண்டியவை. ஆனால் அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன கூரை எலும்பின் நுனி, வழக்கமாக இருபதை ஒட்டிய வயதில் மற்ற எலும்போடு ஒட்டிவிடும். அந்தக் கப்பல் ஆட்களில் கணிசமான பேருக்கு அது ஒட்டவே இல்லை. சிறு வயதிலிருந்து கனத்த வில் இழுத்ததே காரணம் என்று கருதுகிறார்கள். அதாவது, எலும்பு வளரும் பருவத்திலேயே வில்லோடு வளர்ந்த உடம்புகள் அவை, அந்த உடம்புகளிலும் வில் தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறது. 35 வயதுவாக்கில் ஆரம்பித்த உங்கள் தோளுக்கு அவர்களை அளவுகோலாக வைப்பது நியாயமில்லை.

வேட்டைக்கு 60 தேவையா என்றால், மானுக்குத் தேவையில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் மானுக்கு 30 முதல் 40 பவுண்டு வரை குறைந்தபட்சக் கனம் வைத்திருக்கின்றன. பாரம்பரிய வில்லில் 40, 45 பவுண்டோடு வெள்ளைவால் மானை வேட்டையாடுகிறவர்கள் நிறையப் பேர். அம்பு தேவையான எடையோடு, முனை சவரக் கத்தி போலக் கூர்மையாக, நேராகப் பறந்து, கிட்டத்திலிருந்து சரியான இடத்தில் பட வேண்டும். நடுங்கும் கையிலிருந்து போகும் அம்பு வயிற்றில் பட்டால் அந்த மான் மணிக்கணக்கில் துடித்துத்தான் சாகும். எனக்கு உங்கள் தோள் மீது எவ்வளவு அக்கறையோ அவ்வளவு அக்கறை இதிலும் உண்டு. இன்னொன்று, நவம்பரில் அங்கே குளிர். மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்து விறைத்துப்போன உடம்போடு, தடித்த உடுப்புக்குள்ளிருந்து, சத்தமில்லாமல் மெதுவாக இழுக்க வேண்டியிருக்கும். மேலூர் வெயிலில் வியர்த்த உடம்போடு இழுக்கும் கனம் அங்கே வராது. (இங்கே எதையும் குறி வைத்துவிடாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அழகர் மலைப் பக்கம் ஒரு முயலை அடித்தாலும் குற்றம்.)

உங்களுக்கான கனத்தைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். இலக்கை நோக்கி நேராக நீட்டிய வில்லை, மேலே தூக்காமல், உடம்பை முறுக்காமல் இழுத்துத் தாடையோரம் நிறுத்த வேண்டும். எட்டுப் பத்து நொடி நடுக்கமில்லாமல் நின்று, பிறகு மெதுவாகத் திரும்ப விட வேண்டும். வெறும் நாணை மட்டும் சட்டென்று விட்டுவிடாதீர்கள், வில் தெறித்து முகத்தில் அடிக்கும். இதில் தேறுகிற கனம்தான் உங்கள் கனம். ஆனால் தோள் குணமாகும் முன்பு இந்தச் சோதனை வேண்டாம்.

சரி, சிகிச்சை. வலி மாத்திரை ஐந்தாறு நாள், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்து, இரவுத் தூக்கத்துக்காக. கையை முழுக்க அசைக்காமல் வைத்திருக்காதீர்கள், மூட்டு இறுகிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். உங்களுக்கு உண்டா இல்லையா என்று எழுதவில்லை, ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வலி தணிந்ததும் ரப்பர் பட்டை வைத்துப் பயிற்சி: முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் ஒரு துண்டை மடித்து வைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்புவது, பட்டையை இரண்டு கையாலும் வயிற்றை நோக்கி இழுத்துத் தோள்பட்டை எலும்புகளைச் சேர்ப்பது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் நின்று கற்றுக்கொள்ளுங்கள். தசை இரண்டு மாதத்தில் தேறிவிடும். நார் தேற அதைவிட நாளாகும். வலு வந்துவிட்டதே என்று கனத்தை ஏற்றுகிறவர்களுக்கு இங்கேதான் அடிபடுகிறது.

நவம்பருக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. ஆறு வாரம் கழித்து வலி அறவே இல்லையென்றால் 25 பவுண்டில் 20 அம்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். அப்புறம் மூன்று, நான்கு பவுண்டாக ஏற்றுங்கள். வில்லின் கைகளை (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாகங்களை) மட்டும் மாற்றிக்கொள்ளும் கழற்று வில் வாங்கினால் ஒவ்வொரு தடவையும் புது வில் தேவைப்படாது. அக்டோபருக்குள் 40 வந்தால் போதும். 60 எப்போது வரும் என்று கேட்டீர்கள். இந்த வருடம் நிச்சயமாக இல்லை.

தலைசுற்றலைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதை லேசாக எடுக்கவில்லை. கனத்தை இழுக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கித் தலை சுற்றலாம். பெரும்பாலும் இதுதான். ரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள். அரிதாக இன்னொன்று உண்டு. வில்லாளி கழுத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிற்கும்போது, பிடரி எலும்புகளின் வழியே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்குவது. இதற்கு 1978-லேயே 'வில் வேட்டைக்காரர் பக்கவாதம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வில் இல்லாமல், வண்டியைப் பின்னால் எடுக்கக் கழுத்தைத் திருப்பும்போதும் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, பேச்சு குழறுகிறதா? அப்படியென்றால் மறுபடி திருப்பிச் சோதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். குழறல், கைகால் மரத்துப்போதல் இருந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு.

கையைத் தூக்கவே முடியாமல் தொப்பென்று விழுந்தாலோ, ஆறு வாரத்தில் இரவு வலி குறையாவிட்டாலோ எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டி அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம். போகும்போது இழுக்கும் கோலத்தில் எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால் கொண்டுபோங்கள். படத்துக்காக இனிமேல் இழுக்க வேண்டாம்.