பொய் சாட்சியால் ஆயுள் தண்டனை பெற்றவருக்கு ஆளுநரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி?

"நேர்முக சாட்சி சொன்ன பொய்யை நம்பி அண்ணனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டார்கள். அந்தச் சாட்சி இப்போது உண்மையைச் சொல்லத் தயார். ஆளுநருக்கு மனுப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போடலாம். ஆனால் வழக்கு இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருந்தால் ஆளுநர் பக்கம் இப்போது போக வேண்டாம். மேல்முறையீட்டு நீதிமன்றம் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 432, பழைய சட்டத்தில் 391. சாட்சியை மறுபடி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு இதுதான். கூடவே பிரிவு 430-ன் கீழ் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டு ஜாமீனுக்கும் மனுச் செய்யலாம். மேல்முறையீடே இன்னும் போடவில்லையா? செஷன்ஸ் தீர்ப்பிலிருந்து 60 நாள் கெடு. கடந்துவிட்டிருந்தால் காரணம் காட்டித் தாமத மன்னிப்பு மனுவோடு தாக்கல் செய்யுங்கள்.

மேல்முறையீடு முடிந்த பிறகு சாட்சி மனம் மாறினால்தான் சிக்கல். கையெழுத்திட்ட தீர்ப்பை அதே நீதிமன்றம் திருத்த முடியாது. எழுத்துப்பிழை, கணக்குப்பிழை மட்டும் விலக்கு. உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுவுக்கு 90 நாள், அங்கும் தோற்றால் சீராய்வு மனுவுக்கு 30 நாள். இவையும் முடிந்துவிட்டால் மிஞ்சும் முக்கிய வழி, ஆளுநருக்கு மன்னிக்கும் அதிகாரம் தரும் அரசியலமைப்புச் சட்டத்தின் 161-வது பிரிவு.

உண்மை வெளிவந்தாலே தீர்ப்பு மாறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் விஷயத்தில், தான் வாங்கித் தந்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே 2013-ல் சொன்னார். விடுதலை கிடைத்தது 2022 மே 18-ல். அதுவும் குற்றத்தீர்ப்பு ரத்தாகி அல்ல. 2018 செப்டம்பரில் அமைச்சரவை செய்த பரிந்துரை கிடப்பில் கிடந்ததால், உச்ச நீதிமன்றம் முழு நீதி வழங்கத் தனக்கு அதிகாரம் தரும் 142-வது பிரிவைக் கையிலெடுத்து விடுவித்தது.

அந்தத் தீர்ப்பில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. 161-ல் ஆளுநர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே மனுவை ஆளுநருக்கு முகவரியிட்டாலும், கோப்பு நகர்வது உள்துறையில்தான். கைதியே கையெழுத்திட்டுச் சிறைக் கண்காணிப்பாளர் மூலம் ஒன்று அனுப்பட்டும்; குடும்பத்தார் உள்துறைச் செயலாளருக்கு நகலைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு, கோப்பு யாரிடம், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று கேளுங்கள்.

மனுவில் பலரும் சறுக்கும் இடம் அதன் வாசகம். "செய்த குற்றத்துக்கு வருந்துகிறேன், கருணை காட்டுங்கள்" என்று வழக்கமான மாதிரியில் எழுதியதில் நிரபராதி கையெழுத்திடவே கூடாது. அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோப்பில் ஏறிவிடும். வழக்கின் சாட்சியங்களை மறுபடி எடைபோட்டு, நீதிமன்றத்தின் முடிவிலிருந்து மாறுபட்ட முடிவுக்கும் குடியரசுத் தலைவர் வரலாம் என்று கேஹர் சிங் வழக்கில் 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மன்னிப்பு அதிகாரத்தின் தன்மை ஒன்றே என்பதால் ஆளுநருக்கான மனுவிலும் இதை மேற்கோள் காட்டி, சாட்சியத்தையே வாதமாக வையுங்கள். தீர்ப்பின் எந்தப் பத்தி அந்த ஒரே சாட்சியை நம்பி நிற்கிறது, போலீசிடம் அவர் முதலில் சொன்னது என்ன, நீதிமன்றத்தில் சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன என்று பக்க எண்ணோடு காட்ட வேண்டும். முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, சாட்சிய நகல்கள், எல்லாத் தீர்ப்புகளின் சான்றிட்ட நகல்கள் இணைப்பில் இருக்கட்டும்.

சாட்சியின் பிரமாணப் பத்திரம் மட்டும் போதாது. மிரட்டியோ பணம் கொடுத்தோ வாங்கியதுதானே என்ற சந்தேகம் முதலில் எழும். ஏன் பொய் சொன்னார், யார் சொல்லச் சொன்னார்கள், ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை என்பதெல்லாம் அவர் வார்த்தையிலேயே வர வேண்டும். அதைத் தாங்கும் தனி ஆதாரமும் வேண்டும்: சம்பவ நேரத்தில் அந்தச் சாட்சி வேறு ஊரில் இருந்ததைக் காட்டும் வருகைப்பதிவோ மருத்துவமனைச் சீட்டோ கிடைத்தால், அது பத்துப் பத்திரங்களுக்குச் சமம். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது நீதிமன்ற விசாரணை தொடங்குவதற்கு முந்தைய கட்டத்துக்கானது, தண்டனைக்குப் பிறகு பொருந்தாது. பொய் சாட்சிக்கு 7 ஆண்டுவரை சிறை உண்டு. கொலை வழக்கில் தண்டனை வாங்கித் தரவென்றே சொன்ன பொய் என்றால் ஆயுள்வரை போகும். எனவே சாட்சி தனக்கென வேறு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே கையெழுத்திடட்டும். உங்கள் வழக்கறிஞரே அவருக்கும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பத்திரத்தை நம்ப ஆளிருக்காது.

கேட்பதையும் தெளிவாகப் பிரித்து எழுதுங்கள். முதலில் முழு மன்னிப்பு. அது இல்லையென்றால் மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆயுள் கைதிக்கான 14 ஆண்டு நிபந்தனை அரசின் சாதாரணத் தண்டனைக் குறைப்புக்குத்தான். 161-ஐ அது கட்டுப்படுத்தாது என்று மாரு ராம் வழக்கில் 1980-ல் தீர்ப்பாகியிருக்கிறது. ஒன்றை மனதில் வையுங்கள், இது வலிக்கும்: மன்னிப்பு தண்டனையை நீக்கும், தீர்ப்பைப் பொய் என்று அறிவிக்காது.

மனு நிராகரிக்கப்பட்டால், முக்கிய ஆவணத்தைப் பார்க்காமலேயே முடிவெடுத்தார்கள் என்ற அடிப்படையில் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். பதிவுத் தபாலும் இணைப்புப் பட்டியலும் அப்போதுதான் கைகொடுக்கும். செலவுக்குத் தயங்க வேண்டாம். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.