நிபந்தனைகளை வைத்துச் சிந்திக்கும் முறை பரீட்சைக்கு மட்டும்தானா, பட்டறையில் உதவுமா?

உதவும். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் பொறியியல் மூன்றாம் வருடமாக இருக்க வேண்டும். மாறிகள் (நாம் தீர்மானிக்க வேண்டியவை), அவற்றுக்கான பெறுமானங்கள் (ஒவ்வொன்றுக்கும் உள்ள தெரிவுகள்), இடையில் நிபந்தனைகள் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். இதை வைத்து ஒரு இரும்பையாவது வெட்டலாமா என்று எனக்கும் அப்போது தோன்றியது. இப்போது பரந்தனுக்குக் கிட்ட அப்பாவின் லேத் பட்டறையில்தான் வேலை செய்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு மாதர் சங்கம் கச்சான் உடைக்கும் மெஷின் கேட்டது. அங்கே சிங்கிள் பேஸ் கரண்ட்தான். அதனால் 1 குதிரைவலு மோட்டர், நிமிடத்துக்கு 1440 சுற்று. உருளை 180க்கும் 220க்கும் இடையில் சுற்ற வேண்டும். கூடினால் பருப்பு நொறுங்கும், குறைந்தால் கோது உடையாமல் வரும். முந்தைய மெஷினில் பார்த்துவைத்த கணக்கு அது. கணினியில் அழகாக வரைந்தேன். மோட்டர் பக்கவாட்டில், பெரிய 12 அங்குலக் கப்பி. வெல்டிங் முடித்து, பெயின்ட் அடித்து, லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

சங்கக் கட்டடத்தின் வாசல் 29 அங்குலம். மெஷின் ஒரு பக்கம் 34, மறுபக்கம் 40. திருப்பிப் பார்த்தோம், சரித்துப் பார்த்தோம். ஒரு அம்மா வந்து, "தம்பி, கதவைக் கழட்டலாம், நிலையைக் கழட்டேலாதே" என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நிலையைச் சாணால் அளந்துவிட்டுப் பெட்டியில் ஏறிவிட்டார். திரும்பி வந்த முப்பது கிலோமீற்றரும் நான் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு சீமெந்துப் பேப்பரில் எல்லா நிபந்தனைகளையும் எழுதினேன். எதில் தெரிவு மிகக் குறைவோ அதை முதலில் எடு என்று பாடத்தில் சொல்வார்களே, அதன் அர்த்தம் அன்றுதான் விளங்கியது. வாசலை மாற்ற முடியாது. ஆகவே மோட்டர் பக்கத்தில் நிற்க முடியாது, உருளைக்குக் கீழே போக வேண்டும். கச்சானைக் கொட்டும் வாய் 48 அங்குலத்துக்கு மேல் போனால் அந்த அம்மாமார் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அதுவும் கூடாது. அந்த உயரத்துக்குள் மோட்டர், வேகத்தை இடையில் வாங்கிக் கொடுக்கும் இடைத்தண்டு, உருளை மூன்றும் அடங்க வேண்டும் என்றால் 8 அங்குலத்துக்கு மேற்பட்ட கப்பிக்கு இடமில்லை. ஏ வகை பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்குக் குறைந்த கப்பி போட்டால் பெல்ட் கெதியில் வெடித்துப் போகும்.

கடையில் கிடைத்த கப்பிகள் 3, 4, 6, 8, 10, 12 அங்குலம். இரண்டு கட்டமாக வேகத்தைக் குறைக்க நான்கு கப்பி வேண்டும். மொத்தம் 1,296 சேர்க்கைகள். 10உம் 12உம் போனதும் 256. வேகம் 180க்கும் 220க்கும் இடையில் என்றதும் மிஞ்சியது ஒன்றே ஒன்று: 3 அங்குலக் கப்பியிலிருந்து 8 அங்குலக் கப்பிக்கு, மறுபடி 3இலிருந்து 8க்கு. கணக்குப் போட்டால் 202.5 சுற்று. பேப்பரில் வேறு எதுவும் மிஞ்சாமல் அந்த ஒரு வரி மட்டும் நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஒரு கச்சான் மெஷினுக்கு இவ்வளவு கதையா, கணினி இதை ஒரு நொடியில் பார்த்துவிடுமே என்று சிலர் எழுதுவார்கள். பார்க்கும். நான் வரையப் பயன்படுத்திய மென்பொருளே நிபந்தனைகளால் ஓடுவதுதான். 1963இல் ஐவன் சதர்லாந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்த ஸ்கெட்ச்பேட் என்ற வரைதல் மென்பொருளிலேயே இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குச் சமாந்தரம் என்று கட்டிப்போட முடிந்தது. ஆனால் வாசல் 29 அங்குலம் என்பதை நான் போய் அளந்து சொல்லாமல் எந்த மென்பொருளுக்குத் தெரியும்?

அப்பா இந்த முறையின் பெயரையே கேள்விப்பட்டதில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மோட்டர் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் மண்ணெண்ணெயில் ஓட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் சூப்பியால் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மாற்றுவார்கள். எஞ்சின் இடிக்காமல் இருக்க அப்பா ஹெட்டுக்குக் கீழே இன்னொரு காஸ்கட் வைத்து அமுக்கத்தைக் குறைப்பார். எது கிடையாது என்பதை முதலில் எழுதிவிட்டு மிச்சத்தில் தேடுவது அவருக்கு அன்றாட வேலை.

சொல்லாமல் விட மனம் வரவில்லை: மீள்குடியேறிய பிறகு லேத் வாங்க ஒரு கடன் திட்டத்துக்கு அவர் விண்ணப்பித்தார். என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். இருபது வருடம் லேத் பிடித்தவர். ஒரு துண்டு இரும்பைக் கொடுத்துக் கடையச் சொல்லிப் பார்த்திருக்கலாமே. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் எழுதியபின் ஒரு விடையுமே மிஞ்சாமல் போகலாம். அப்போது எது உண்மையில் கட்டாயம், எது விருப்பம் என்று பிரியுங்கள். எனக்கு வாசல் கட்டாயம், 48 அங்குலம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடியது. நீங்கள் எந்த மெஷின் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை. அது நிற்கப்போகும் இடத்தின் அளவுகளையும் அங்கே என்ன கரண்ட் என்பதையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.