மலை மறையுது எண்டா கோட்டுக்குப் போகலாமா?

திருகோணமலையில டச்சு பே பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. வீட்டுக்கு முன்னால இருந்த பழைய வீட்டை உடைச்சுப்போட்டு எட்டு மாடி ஹோட்டல் எழும்பப் போகுதாம், பிளான் பாஸ் ஆகிட்டுதாம், அம்மா விடிய எழும்பி மாடியில நிண்டு கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலையைப் பாத்துக் கும்பிடுறது இனி ஏலாது, கேஸ் போடலாமா எண்டு கேக்கிறா.

தங்கச்சி, கஷ்டமான பதிலை முதல்லயே சொல்லிடுறன். உங்கட மாடியில இருந்து தெரியிற காட்சிக்கு எண்டு எங்கட சட்டத்தில தனி உரிமை இல்லை. இந்த விசயத்தில ஒல்லாந்தர் காலத்தில வந்த ரோமன் டச்சு சட்டம்தான் ஓடுது, முன் காணிக்காரர் தன்ர காணியில மேல கட்டலாம், காட்சியை மறைக்கக்கூடாது எண்டு நொத்தாரிசு முன்னால எழுதின பாத்தியதை ஒண்டு அந்தக் காணி மேல உங்களுக்கு இருந்தாத்தான் தடுக்கேலும். உறுதியை எடுத்து ஒருக்காப் பாருங்க, ஆனா அப்பிடி எழுதி வச்ச வீடுகள் மிச்சம் குறைவு.

அதுக்காக விட்டுடாதேங்க. அம்மா பாக்கிற அதே மலையைத்தான் கடற்கரையில பந்து விளையாடுற பிள்ளையளும் பாக்குதுகள், கோணேசர் கோயிலுக்கு வாற சனமும் பாக்குது. மாடியை விட்டுட்டு கடற்கரையில நிண்டு கேள்வி கேட்டீங்க எண்டா அது பொது விசயம், அங்க சட்டம் கதைக்கும். 2000ஆம் ஆண்டு எப்பாவலயில பொஸ்பேற் தோண்டுறதை எதிர்த்த வழக்கில ஊர்ச்சனம்தான் உயர் நீதிமன்றம் போனது, இது எல்லாருக்கும் பொதுவான பிரச்சினை எண்டதுக்காக அவையளைக் கோடு திருப்பி அனுப்பேல்லை.

பேர்மிட்டில மூண்டு இடத்தைத் துருவிப் பாக்கோணும். நகர அபிவிருத்தி அதிகார சபை, 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்கச் சட்டம், வர்த்தமானியில வந்த திட்டத்தில அந்தத் துண்டுக்கு உயர எல்லை போட்டிருக்கா. கரையோரப் பாதுகாப்பு, 1981இன் 57, கடல் எல்லையில இருந்து உள்ளுக்கு 300 மீற்றர் வரைக்கும் அவையளின்ர அனுமதியும் வேணும். பிறகு தொல்பொருள், 1940இன் 9: அரச காணியில இருக்கிற புராதன சின்னத்தைச் சுத்தி 400 யார் வரைக்கும் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு, உங்கட பக்கம் போத்துக்கீசர் 1624இல கட்டின கோட்டை இருக்கு, அதால தூரத்தை நில அளவையாளரைக் கொண்டு அளந்து எடுங்க.

கோப்பு முழுக்க தகவல் அறியும் சட்டத்தில, 2016இன் 12, எழுத்தில கேளுங்க, தரேலுமா இல்லையா எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும். கோப்பில "காட்சிப் பாதிப்பு" எண்டு கலர் படம் ஏதும் இருந்தா கவனமாப் பாருங்க, எனக்கு இதிலதான் கோபம் வாறது. அகல லென்ஸில எடுத்தா மலையும் கட்டடமும் குட்டியாகித் தூரத்தில நிக்கும், எட்டு மாடி ஒண்டுமே இல்லாத மாதிரித் தெரியும், கண் மட்டத்தில இல்லாம மேல இருந்து ட்ரோனில எடுத்தாலும் அதே கதைதான். எந்த இடத்தில நிண்டு, எந்த உயரத்தில, என்ன லென்ஸ் எண்டு எழுதாத படம் சாட்சியே இல்லை எண்டு ஆட்சேபனையில போடுங்க. நீங்களும் எடுங்க: கச்சான் காத்து எழும்ப முதல் விடிய, காணிக்காரரின்ர சம்மதத்தோட கட்டடத்தின்ர உயரத்துக்கு ஒரு பலூனைக் கயித்தில விட்டு, கடற்கரையில சனம் வழமையா நிக்கிற நாலஞ்சு இடத்தில நிண்டு படம் எடுங்க. சம்மதம் தராட்டி பக்கத்துக் கட்டடத்தின்ர மாடிகளை எண்ணிக் கணக்குப் போடலாம். லண்டனில சென் போல்ஸ் தேவாலயத்தின்ர கோபுரம் மறையாம இருக்க 1937இலயே இப்பிடி இடம் இடமா நிண்டு பாத்துத்தான் உயரம் கட்டுப்படுத்தினவை.

கோடு எண்டு வந்தா நாள் முக்கியம். அடிப்படை உரிமை மனு எண்டா ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றம், பேர்மிட்டை ரத்துச் செய்யச் சொல்லி அதிகாரிகளுக்கு எதிராக் கேக்கிற றிட் மனு எண்டா மேன்முறையீட்டு நீதிமன்றம், அதுக்கு நாள் கணக்கு இறுக்கமா இல்லை, ஆனா அத்திவாரம் போட்டு நாலு மாடி எழும்பினாப் பிறகு போனா ஏன் இவ்வளவு நாள் இருந்தனீங்க எண்டு கேப்பினம். எட்டு மாடியும் வேண்டாம் எண்டு கேக்காம, மேல் மாடிகளைக் குறை, கடற்கரைப் பக்கம் பின்னுக்குத் தள்ளு எண்டு மாற்று வழியோட போங்க, அது நடக்கிற காரியம்.

தகரம் அடிச்சு மறைக்க முதல், நாளைக்கே போய் படத்தை எடுங்க. அம்மா கும்பிடுற இடத்தில நிண்டும் ஒண்டு எடுங்க.