யானையைக் கொல்லாமல் தந்தம் எடுக்க முடியாதா?

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: யானையைக் கொல்லாமல் தந்தம் எடுத்துச் செதுக்கினால் என்ன தப்பு?

தந்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டைக்குள் புதைந்திருக்கும். அதையும் விடாமல் எடுக்கத்தான் யானையையே கொல்கிறார்கள். தானாகச் செத்த யானையின் தந்தமும் அரசுச் சொத்துதான். நம் நாட்டுத் தந்த வியாபாரத்துக்கு 1986-லும், ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991-லும் தடை வந்துவிட்டது.

சரி, கைவேலைக்காரர் பிழைப்பு? மாட்டெலும்பு உண்டு. அறுத்த பக்கத்தில் பொடிப் புள்ளி தெரிவதை வைத்தே தந்தமில்லை, எலும்பு என்று சொல்லிவிடலாம் (தந்தத்தில் வலைபோலக் குறுக்குக் கோடுகள்). ஆனால் எலும்பின் நடுவே வெற்றுக் குழல்; பெரிய உருவத்துக்கு ஒட்டுப்போட வேண்டும். என்னைக் கேட்டால் மரம்தான். உங்கள் ஊர்ச் சொப்புச் சாமானையே பாருங்கள்: கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டில் உருகி நிறம் பிடிக்கும். அப்புறம் தாழை ஓலையால் தேய்த்தால் முகம் பார்க்கலாம், அப்படியொரு பளபளப்பு.